புதுப்பித்த டூ-ஸ்ட்ரோக் சேத்தக்கைக் கிளப்பவும் ஓட்டவும் பேணவும் ஒரு முழுமையான வழிகாட்டி

புதுப்பித்து முடித்த பழைய பஜாஜ் சேத்தக் ஒன்றை ஆசையோடு வாங்கி வருபவர் முதல் நாள் அதன் பெயிண்டைத் தடவிப் பார்த்து மகிழ்கிறார். மறுநாள் காலையில் கிக்கரை இருபது முறை உதைத்துவிட்டு வியர்த்துப்போய் நிற்கிறார். பெரும்பாலும் வண்டியில் பெரிய கோளாறு எதுவும் இருப்பதில்லை. பட்டனை அழுத்தினால் கிளம்பும் இன்றைய ஃபோர்-ஸ்ட்ரோக் வண்டிகளின் பழக்கத்தோடு அவர் இதை அணுகுவதுதான் காரணம். ஃபோர்-ஸ்ட்ரோக் எஞ்சின் தனக்கான ஆயிலைத் தன் வயிற்றிலேயே வைத்துக்கொண்டு ஓடுகிறது. டூ-ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு அப்படிச் சேமிப்பு கிடையாது. பிஸ்டனுக்கும் கிராங்குக்கும் போகவேண்டிய ஆயில் பெட்ரோலோடு கலந்து, கார்பரேட்டர் வழியாக, ஆக்சிலேட்டரைத் திருகும் அளவுக்கு ஏற்ப மட்டுமே உள்ளே போய், வேலை முடிந்ததும் எரிந்து புகையாக வெளியேறிவிடுகிறது. கிளப்புவது, ஓட்டுவது, பேணுவது ஆகிய மூன்றிலும் இந்த வண்டி கேட்கும் தனிக் கவனம் எல்லாம் இந்த ஒரே காரணத்திலிருந்து பிறப்பதால், இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படிப்பது நல்லது.

எந்த வண்டியைப் பற்றிப் பேசுகிறோம்

மகாராணா பிரதாப்பின் குதிரையின் பெயரைத் தாங்கி 1972-இல் வந்த சேத்தக், வெஸ்பா ஸ்பிரிண்ட்டின் அமைப்பைப் பின்பற்றியது. சிலிண்டரின் விட்டமும் பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமும் தலா 57 மி.மீ.; கணக்குப் போட்டால் 145.45 சி.சி. வருகிறது. எஞ்சின் வலப்பக்க டூமுக்குள், அதாவது பின்பக்கம் புடைத்திருக்கும் தகர மூடிக்குள் உட்கார்ந்திருக்கிறது. இடக்கைப் பிடியைத் திருகி நான்கு கியர்களை மாற்ற வேண்டும். சக்கரங்கள் 10 அங்குலம். வண்டி பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்து, வீட்டுக்கு வந்த அன்று சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிய குடும்பங்கள் தமிழ்நாட்டில் ஏராளம் என்பதால்தான், இன்று பலரும் புதுப்பிக்கக் கொடுப்பது கடையில் தேடி வாங்கிய வண்டியாக இல்லாமல் அப்பாவின் வண்டியாக இருக்கிறது.

இங்கே சொல்பவற்றில் பெரும்பகுதி பஜாஜ் சூப்பர், பிரியா, எல்.எம்.எல். வெஸ்பா ஆகியவற்றுக்கும் பொருந்தும். லாம்ப்ரெட்டாவும் விஜய் சூப்பரும் வேறு குடும்பம். அவற்றில் எஞ்சின் நடுவில் இருக்கிறது, சக்கரத்துக்குச் சக்தி செயின் வழியாகப் போகிறது, ஆயில் அளவுகளும் வேறு. அவற்றை வைத்திருப்பவர்கள் இங்குள்ள எண்களை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆயில் கலப்பது

ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி டூ-டி (2T) ஆயில், அதாவது டூ-ஸ்ட்ரோக் எஞ்சினுக்கென்றே விற்கும் ஆயில். நூற்றுக்கு இரண்டு என்ற கணக்கு. ஐந்து லிட்டர் போட்டால் 100 மில்லி. போர் போட்டு (தேய்ந்த சிலிண்டரின் உட்சுவரைக் கடைந்து) புதுப் பிஸ்டன் மாற்றிய வண்டியாக இருந்தால் முதல் 500 கி.மீ. வரை லிட்டருக்கு 25 மில்லி கொடுக்கலாம். அதற்கு மேல் ஆயிலைக் கூட்டுவது எஞ்சினுக்குச் செய்யும் உபகாரம் என்று நினைப்பவர்கள் உண்டு, அது தவறு. ஆயில் கூடும் அளவுக்கு கார்பரேட்டரில் பெட்ரோலை அளந்துவிடும் ஊசித்துளையான அதே ஜெட் வழியாக வரும் பெட்ரோல் குறைவதால் கலவை மெலிந்து சூடு ஏறுகிறது. பிளக்கும் சைலன்சரும் கரி பிடிப்பது தனி. பாட்டிலில் ஜாசோ (JASO) என்ற ஜப்பானியத் தர அளவின் எஃப்.சி. அல்லது அதற்கு மேற்பட்ட எஃப்.டி. தரம் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கார் எஞ்சின் ஆயிலை அவசரத்துக்குக்கூட ஊற்ற வேண்டாம். அது எரிவதற்காகச் செய்யப்பட்டதல்ல.

ஒரு காலத்தில் பங்க்கிலேயே ஆயிலை அளந்து கலந்து ஊற்றினார்கள். இப்போது பெரும்பாலான இடங்களில் பாட்டிலை நாம்தான் கொண்டுபோக வேண்டியிருக்கிறது. அளவுக் கோடு போட்ட சிறு பாட்டில் ஒன்றை டிக்கியில் நிரந்தரமாக வைத்துக்கொண்டு, பின்வரும் வரிசையில் செய்யுங்கள். முதலில் சீட்டுக்குக் கீழே முன்புறம் உள்ள பெட்ரோல் டேப்பை மூடுங்கள். பிறகு ஆயிலை டேங்கில் ஊற்றி, அதன்மேல் பெட்ரோலை அடிக்கச் சொல்லுங்கள். விழும் வேகத்தில் கலந்துவிடும். மூடியைப் போட்டபின் வண்டியை இரண்டு கைகளாலும் பிடித்துப் பக்கவாட்டில் நாலைந்து முறை ஆட்டிவிட்டு, அதற்குப் பிறகே டேப்பைத் திறங்கள். டேப்பை மூடாமல், காலியான டேங்கில் ஆயிலை ஊற்றினால், கெட்டியான ஆயில் நேரே டியூபில் இறங்கிக் கார்பரேட்டரில் உட்கார்ந்துகொள்ளும். வண்டி பங்க்கிலிருந்து நூறடி போய் நின்றுவிடும். பின்னால் வரிசையில் நிற்பவர்கள் அவசரப்படுத்துவார்கள் என்பதற்காக இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

இன்றைய பெட்ரோலில் எத்தனால் 20 விழுக்காடு வரை கலந்திருக்கிறது என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்வதால், மாதக்கணக்கில் நிற்கும் வண்டியின் டேங்கில் துரு பிடிக்கிறது. அந்தக் காலத்து ரப்பர் டியூப்களும் டேப்பின் வாஷர்களும் ஊறி உப்பிப் பிய்ந்துவிடுகின்றன. புதுப்பிக்கும்போதே பெட்ரோல் டியூப், டேப் வாஷர், கார்பரேட்டர் கேஸ்கெட் மூன்றையும் எத்தனாலைத் தாங்கும் தரத்தில் மாற்றச் சொல்லுங்கள். பெயிண்டுக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை.

முதல் முறை கிளப்புவதற்கு முன்

பட்டறையிலிருந்து வந்த வண்டியானாலும், பல ஆண்டுகள் வீட்டு ஓரத்தில் நின்ற வண்டியானாலும், உடனே கிக்கரில் கால் வைக்காதீர்கள். டார்ச் விளக்கை டேங்க் வாய்க்குள் காட்டி அடிப்பகுதியைப் பாருங்கள். என் வண்டி பெயிண்ட் அடித்து வந்தபோது வெளியே கண்ணாடிபோல் மின்னியது. டேங்குக்குள்ளே தேய்ப்புத் தூளும் துருப்பொடியும் மஞ்சள் சகதியாகத் தங்கியிருந்தன. அதைக் கவனிக்காமல் ஓட்டி, ஒரே வாரத்தில் மூன்று முறை ஜெட் அடைத்து நடுவழியில் நின்ற பிறகே எனக்குப் புத்தி வந்தது. சந்தேகம் இருந்தால் டேங்கைக் கழற்றி, ஒரு பிடி சிறு நட்டுகளையும் கொஞ்சம் பெட்ரோலையும் உள்ளே போட்டுக் குலுக்கிக் கொட்டுங்கள். வெளியே வருவது தெளியும்வரை இதைத் திரும்பச் செய்ய வேண்டும். போட்ட நட்டுகளை எண்ணி வைத்துக்கொள்வது நல்லது.

அடுத்து பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியாக ஒரு தேக்கரண்டி டூ-டி ஆயிலை விட்டு, கிக்கரைக் கையால் மெதுவாக ஏழெட்டு முறை அழுத்துங்கள். நெடுநாள் நின்ற எஞ்சினில் சிலிண்டர் சுவர் வறண்டு கிடக்கும். வறண்ட சுவரில் ரிங் உரசினால் விழும் கோடு அழியாது. பிறகு பிளக்கை அதன் கேப்பில் பொருத்தி, உலோகப் பகுதி எஞ்சின் ஹெட்டைத் தொடும்படி வைத்துக் கிக்கரை உதைத்து, நீலப் பொறி விழுகிறதா என்று பாருங்கள். ஹெட்டின் துளையிலிருந்து பெட்ரோல் ஆவி வரும் என்பதால் பிளக்கை அந்தத் துளைக்குத் தள்ளியே வைக்க வேண்டும். சேத்தக்கின் பொறி, கிராங்கோடு சுழன்று மின்சாரம் தரும் மேக்னட்டிலிருந்து வருவதால் பேட்டரி இல்லாவிட்டாலும் வண்டி கிளம்பும். பொறியே வராவிட்டால், எல்லாவற்றுக்கும் முன்பாக எர்த் இணைப்பைச் சோதியுங்கள். புதுப்பித்த வண்டிகளில் ஒயர் போல்ட்டுக்கு அடியிலும் பெயிண்ட் அடித்துவிடுவது பட்டறைகளில் வழக்கமாக நடக்கும் பிழை. உப்புத்தாளால் ஒரு ரூபாய் அகலத்துக்குச் சுரண்டிவிட்டால் பாதி மின்கோளாறுகள் மறைந்துவிடும்.

கியர் ஆயில் இருக்கிறதா என்பதையும் உறுதிசெய்யுங்கள். எஞ்சினின் அந்தப் பகுதிக்கு மட்டும் தனி ஆயில் உண்டு: எஸ்.ஏ.இ. 30, சுமார் 250 மில்லி. வண்டியை நேராக நிறுத்தி, ஊற்றும் போல்ட்டைக் கழற்றினால் துளையின் விளிம்புவரை தெரிய வேண்டும். கிளட்ச் தட்டுகளும் இதே ஆயிலில் மூழ்கியே வேலை செய்வதால், வழுக்கும் தன்மையைக் கூட்டும் விலையுயர்ந்த கார் ஆயில்களைத் தவிர்த்துவிடுங்கள்.

கிளப்பும் முறை

காலையில், குளிர்ந்த எஞ்சினை ஒரே வரிசையில், மாற்றாமல் கிளப்பப் பழகுவதே பாதி வித்தை.

1. டேப்பைத் திறந்து அரை நிமிடம் பொறுங்கள். கார்பரேட்டர் கிண்ணம் நிரம்ப வேண்டும். திறந்த நொடியே உதைப்பவர் வெறும் காற்றை உதைக்கிறார்.

2. வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கி, முதல் கியரில் போட்டு, கிளட்ச்சைப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் ஓரிரு அடி உருட்டுங்கள். இரவெல்லாம் ஒட்டிக்கிடக்கும் கிளட்ச் தட்டுகள் இதில் பிரிந்துவிடும். இதைச் செய்யாவிட்டால் முதல் கியர் போட்டதும் வண்டி தவளைபோல் துள்ளி நின்றுவிடும்.

3. நியூட்ரலுக்குக் கொண்டுவந்து சோக்கை இழுங்கள். ஆக்சிலேட்டரைத் தொடாதீர்கள், சோக் வேலை செய்ய வேண்டுமானால் அது மூடியிருக்க வேண்டும்.

4. கிக்கரை மெதுவாக அழுத்தி, எதிர்ப்பு தெரியும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். பிறகு அதை மேலே வரவிட்டு, பாதத்தின் நடுப்பகுதியால், கடைசிவரை ஒரே வீச்சாக உதையுங்கள். பாதியில் நிற்கும் பத்து உதைகளைவிட முழுதாக இறங்கும் ஒன்று மேல்.

5. பிடித்துக்கொண்டதும் அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடத்துக்குள் சோக்கைத் தள்ளிவிடுங்கள். ஓட்டத்தில் உறுமல் அடைத்துக்கொண்டாற்போல் கனமாவதே சோக் போதும் என்பதற்கான அறிகுறி.

சூடான எஞ்சினுக்குச் சோக் வேண்டாம். ஆக்சிலேட்டரைக் கால்பங்கு திறந்து உதைத்தாலே போதும்.

கிளம்ப மறுத்தால்

வண்டியை ஒருபுறமாகச் சாய்த்து, ஒரு நொடி பிடித்து, நிமிர்த்தி உதைக்கும் காட்சியைப் பார்க்காமல் வளர்ந்தவர்கள் நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களில் இருக்க முடியாது. அதில் மந்திரம் ஏதும் இல்லை. சாய்க்கும்போது கிண்ணத்திலிருந்து கொஞ்சம் பெட்ரோல் வழிந்து உள்ளே போய்க் கலவையைச் செறிவாக்குகிறது; அதாவது, சோக் செய்ய வேண்டிய வேலையை நம் கை செய்கிறது. அன்றாடம் சாய்த்தால்தான் கிளம்புகிறது என்றால் சோக் கேபிள் தளர்ந்திருக்கிறது, அல்லது சிறு ஜெட் அடைத்திருக்கிறது என்று பொருள். சாய்ப்பதையே பழக்கமாக்கிக்கொண்டு கோளாறை விட்டுவைக்காதீர்கள்.

ஆறேழு உதைகளில் கிளம்பாவிட்டால் உதைப்பதை நிறுத்திவிட்டுப் பிளக்கைக் கழற்றுங்கள். அது சொல்வதை வேறு எதுவும் அவ்வளவு தெளிவாகச் சொல்வதில்லை. முனை நனைந்து பெட்ரோல் சொட்டினால் ஓவர்ஃப்ளோ ஆகியிருக்கிறது. டேப்பை மூடி, பிளக் இல்லாமலே ஆக்சிலேட்டரை முழுதாகத் திறந்து பத்து முறை உதைத்து உள்ளே தேங்கியதை வெளியேற்றி, ஆவி கலையச் சிறிது நேரம் விட்டு, துடைத்துக் காயவைத்த பிளக்கைப் போட்டுச் சோக் இல்லாமல் முயலுங்கள். முனை முற்றிலும் காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. டேப், டியூப், ஜெட் என்ற வரிசையில் தேடுங்கள். டேங்க் மூடியில் உள்ள காற்றுத்துளை பெயிண்டால் அடைபட்டிருந்தாலும் இதே நிலைதான். மூடியைத் தளர்த்தியதும் ஓடினால் குற்றவாளி அதுவே. மூன்றாவது ஒன்று டூ-ஸ்ட்ரோக்குக்கே உரியது: இரண்டு முனைகளுக்கும் இடையே கடுகளவு கரித்துணுக்கு பாலம் போட்டு உட்கார்ந்திருக்கும். அதை ஊசியால் தட்டிவிட்டு, உப்புத்தாளால் ஓர் இழுப்பு இழுத்து, இடைவெளியை 0.6 மி.மீ. வைத்துப் போட்டால் ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பிவிடும்.

கடைசி வழி தள்ளிக் கிளப்புவது. இரண்டாம் கியரில் போட்டு, கிளட்ச்சைப் பிடித்துக்கொண்டு ஓட்டமாகத் தள்ளி, வேகம் வந்ததும் கிளட்ச்சை விட வேண்டும்; முதல் கியரில் தள்ளினால் பின்சக்கரம் இழுபட்டு நின்றுவிடும்.

ஓட்டும்போது

இடக்கைப் பிடியைக் கிளட்ச் லீவரோடு சேர்த்து மேல்நோக்கித் திருகினால் ஒன்றாம் கியர். அதற்குக் கீழே நியூட்ரல். பிறகு வரிசையாக இரண்டு, மூன்று, நான்கு. மணிக்கட்டு பழக இரண்டு வாரம் ஆகும். நிற்பதற்கு முன்பே கியரைக் குறைத்துவிட வேண்டும். நின்றபின் நான்கிலிருந்து ஒன்றுக்குத் திருக முயன்றால் கியர் விழாது, கேபிள்தான் நையும். சிக்னலில் ஒன்றாம் கியரில் போட்டுக் கிளட்ச்சைப் பிடித்தபடி நிற்பதும் வேண்டாம்.

எஞ்சினின் எடை வலப்பக்கம் இருப்பதால் வண்டி சற்றே வலப்புறம் இழுக்கும். இது கோளாறல்ல. பழகியவர்கள் தம்மையறியாமலே இடப்பக்கம் ஓர் இம்மி நகர்ந்து உட்காருகிறார்கள். பிரேக் விஷயத்தில் மட்டும் பழைய நினைவுகளை நம்பாதீர்கள். சிறிய டிரம்கள், சிறிய சக்கரங்கள்; முன்னால் போகும் கார் டிஸ்க் பிரேக்கில் சட்டென்று நிற்கும்போது சேத்தக் நிற்காது. இரண்டு பிரேக்குகளையும் சேர்த்துப் பிடித்தும் தேவைப்படும் இடைவெளியை நாள்தோறும் விட்டுப் பழகுங்கள். ஈரச் சாலையில் 10 அங்குலச் சக்கரம் வளைவிலும் ஜல்லியிலும் எளிதில் சறுக்கும்.

புதுப் பிஸ்டன் போட்ட வண்டியை முதல் 1000 கி.மீ. வரை 40 கி.மீ. வேகத்துக்கு மேல் விரட்டக் கூடாது. ஆனால் ஒரே வேகத்தில் ஓட்டிக்கொண்டே இருப்பதும் நல்லதல்ல. அவ்வப்போது திறந்து, உடனே தளர்த்தி, சுமையை மாற்றி மாற்றிக் கொடுத்தால்தான் ரிங் சிலிண்டரோடு ஒத்துப்போகும். அதன்பிறகும் 50 முதல் 55 கி.மீ. வேகமே இந்த எஞ்சினுக்கு இதமானது. நீண்ட பயணத்தில் ஐம்பது கிலோமீட்டருக்கு ஒருமுறை ஒரு டீ குடிக்கும் நேரம் நிறுத்துங்கள்.

இனி இந்த வழிகாட்டியில் மிகவும் கவனிக்க வேண்டிய இடம். சேத்தக்கை மலையில் ஏற்றுவதைவிட இறக்குவதில்தான் ஆபத்து அதிகம். ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் என் வண்டி ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ஏறியது. இறங்கும்போது, பெட்ரோலை மிச்சப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு, இரண்டாம் கியரில் ஆக்சிலேட்டரை முழுதாக மூடி எஞ்சின் பிடிப்பிலேயே இறங்கினேன். ஐந்தாறு வளைவுகள் கழித்து ஓசை மெல்ல மாறியது. உலோகம் வறண்டு சிலிர்ப்பது போன்ற ஒரு கீச்சல் வந்தது. அடுத்த கணம் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு தார்ச்சாலையில் கறுப்புக் கோடு இழுத்தது. நல்ல வேளையாக விரல் கிளட்ச்சில் இருந்தது. நடந்தது எளிய விஷயம். ஆக்சிலேட்டர் மூடியிருக்கையில் பெட்ரோல் போகவில்லை. பெட்ரோல் போகாததால் ஆயிலும் போகவில்லை. ஆனால் சக்கரம் எஞ்சினைச் சுழற்றிக்கொண்டே இருந்ததால் பிஸ்டன் வறண்ட சிலிண்டரில் ஏறி இறங்கிக் கடைசியில் பிடித்துக்கொண்டது.

ஆகவே இறக்கத்தில் இரண்டு பிரேக்குகளையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தியபடி, பத்துப் பதினைந்து நொடிக்கு ஒருமுறை கிளட்ச்சைப் பிடித்து ஆக்சிலேட்டரை ஒரு திருகு திருகி விடுங்கள். அந்தத் திருகில் போகும் ஆயில் போதும். கொல்லிமலை போன்ற 70 வளைவு இறக்கத்தில் பிரேக் டிரம் சூடேறிவிடும் என்பதால் நடுவில் நிறுத்தி ஆறவிட வேண்டும். சமவெளியிலும் ஓசை இறுகுவதாகவோ இழுவை திடீரென்று குறைவதாகவோ உணர்ந்தால், யோசிக்காமல் கிளட்ச்சைப் பிடித்து ஓரம் கட்டுங்கள். கால்மணி நேரம் ஆறியபின் பெரும்பாலும் கிளம்பிவிடும். ஆனால் காரணம் தெரியாமல் அதே வேகத்தில் தொடரக் கூடாது. கிளட்ச்சில் இரண்டு விரல்களை எப்போதும் ஓய்வாக வைத்திருப்பது பழைய ஓட்டுநர்களின் பழக்கம்.

பேணுதல்

பிளக்கை 1000 கி.மீ.க்கு ஒருமுறை கழற்றி அதன் நிறத்தைப் பாருங்கள். பில்டர் காபிப் பொடி நிறத்தில் இருந்தால் எல்லாம் சரி. கறுத்து எண்ணெய் வடிந்தால் ஆயில் கூடியிருக்கிறது, அல்லது காற்று வடிகட்டி அடைத்திருக்கிறது. வெளுத்துச் சாம்பல் பூத்திருந்தால்தான் கவலைப்பட வேண்டும். கலவை மெலிந்து எஞ்சின் வேகிறது.

மெலிவுக்குப் பலர் ஜெட்டை மாற்றிப் பார்ப்பார்கள். ஆனால் நெடுநாள் நின்ற வண்டியில் முதலில் சந்தேகிக்க வேண்டியது கிராங்கின் இருபுறமும் உள்ள ஆயில் சீல்களை. ரப்பர் காய்ந்து விறைத்துப்போனால் மேக்னட் பக்கத்துச் சீல் வழியாக வெளிக்காற்று நுழைகிறது. ஆக்சிலேட்டரை விட்டபிறகும் எஞ்சின் வேகம் இறங்காமல் அலறும். கிளட்ச் பக்கத்துச் சீல் போனால் எதிர்மாறு: எஞ்சின் கியர் ஆயிலை உறிஞ்சிக் குடிக்கும், வெண்புகை கொசுமருந்து அடித்ததுபோல் தெருவை மறைக்கும், கியர் ஆயில் அளவு காரணமில்லாமல் குறைந்துகொண்டே வரும். புதுப்பிக்கக் கொடுக்கும்போது எஞ்சினைப் பிரித்தார்களா, இரண்டு சீல்களையும் மாற்றினார்களா என்று கேட்டு, கழற்றிய பழையவற்றைக் கையில் வாங்கிப் பாருங்கள். எஞ்சினைத் திறக்காமல் பெயிண்ட் மட்டும் அடித்த வண்டியைப் புதுப்பித்த வண்டி என்று நான் ஒப்புக்கொள்வதில்லை.

பொறி விழும் நேரத்தைத் திறந்து மூடித் தீர்மானிக்கும் பாயிண்ட் வைத்த பழைய வண்டிகளில் அதன் இடைவெளி 0.3 முதல் 0.5 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். மேக்னட்டில் உள்ள ஜன்னல் வழியாகவே பார்த்துச் சரிசெய்யலாம். முனைகள் கருகிக் குழிவிழுவது அடிக்கடி நடந்தால் கண்டன்சரை மாற்றுங்கள். பிற்கால வண்டிகளில் மின்னணு இக்னிஷன் வந்தபின் இந்தத் தொல்லை இல்லை.

காற்று வடிகட்டி இல்லாமல் ஓட்டினால் இழுவை கூடும் என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். இந்த எஞ்சினில் கிராங்கே வால்வாகவும் வேலை செய்கிறது. அதன் விளிம்பும் எஞ்சின் கூடும் மயிரிழை இடைவெளியில் உரசாமல் சுழல்கின்றன. வடிகட்டாத தூசி அங்கே விழுந்து கோடு போட்டால் கூட்டையே மாற்றவேண்டி வரும். அதேபோல் சிலிண்டரை மூடியிருக்கும் தகரக் கவசத்தை, அழகுக்காக எஞ்சின் தெரியட்டும் என்று கழற்றிவிட்டு ஓட்டாதீர்கள். மேக்னட்டின் இறக்கைகள் வீசும் காற்றைச் சிலிண்டருக்குத் திருப்பிவிடுவது அந்தத் தகரம்தான். அது இல்லாவிட்டால் காற்று வீணாகிறது. சிலிண்டரின் இறகுகளுக்கு இடையே ஆயிலும் மண்ணும் சேர்ந்து அப்பியிருப்பதை மழைக்காலம் முடிந்ததும் பிரஷ் வைத்துச் சுத்தம் செய்யுங்கள்.

எரிந்த ஆயிலின் கரி, சிலிண்டர் ஹெட்டிலும் பிஸ்டன் தலையிலும் சைலன்சருக்குள்ளும் படிகிறது. நான்காயிரம், ஐயாயிரம் கி.மீ.க்கு ஒருமுறை ஹெட்டைக் கழற்றிச் சுரண்ட வேண்டும். அலுமினியத்தில் கீறல் விழாமலிருக்க இரும்புக்குப் பதிலாக மூங்கில் சீவலையோ மரக்குச்சியையோ பயன்படுத்துங்கள். ஹெட்டின் நான்கு நட்டுகளை மூலைக்கு மூலை, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். புகை வரும் வாய் அடைத்த வண்டி, நாற்பதைத் தாண்ட மறுத்து முனகும். பலர் இதைக் கிளட்ச் கோளாறு என்று எண்ணிச் செலவு செய்கிறார்கள்.

கியர் ஆயிலை, எஞ்சின் பிரித்துச் சேர்த்தபின் முதல் 500 கி.மீ.யிலும், பிறகு நான்காயிரத்துக்கு ஒருமுறையும் மாற்றினால் போதும். சூடாக இருக்கும்போது வடித்தால் அடிமண்டியும் வந்துவிடும். கேபிள்களின் ஒயர், லீவருக்குள் இருக்கும் குமிழுக்குப் பக்கத்தில்தான் முதலில் இழை பிரியும். ஓர் இழை அறுந்ததைக் கண்டால் அன்றே மாற்றுங்கள். உதிரியாக ஒரு கிளட்ச் ஒயர், ஒரு பிளக், 21 மி.மீ. பிளக் ஸ்பானர், 13 மி.மீ. ஸ்பானர், ஒரு துண்டு உப்புத்தாள் ஆகியவை டிக்கியில் இருந்தால் தமிழ்நாட்டின் எந்த மூலையிலிருந்தும் வீடு வந்து சேரலாம்.

டயர்க் காற்று (பி.எஸ்.ஐ. கணக்கில்), முன்னால் சுமார் 18, பின்னால் தனியாக ஓட்டும்போது 25, பின்னிருக்கையில் ஆள் இருந்தால் 35. பஞ்சரானால் ஸ்டெப்னியை மாற்றுவது பத்து நிமிட வேலை என்றாலும் ஒரு எச்சரிக்கை தேவை. சக்கரத்தின் தட்டு இரண்டு பாதிகளாகச் செய்து போல்ட்டால் இணைக்கப்பட்டது. டிரம்மோடு சக்கரத்தைப் பிணைக்கும் நட்டுகள் வேறு, இரண்டு பாதிகளைப் பிணைக்கும் நட்டுகள் வேறு. காற்று இருக்கும்போது இரண்டாவது வகையைக் கழற்றினால் தட்டு வெடித்துப் பிரிந்து முகத்தில் அடிக்கும். டியூப் மாற்றுவதானால் வால்வு ஊசியைக் கழற்றிக் காற்றை முழுதாக இறக்கிய பிறகே அவற்றில் ஸ்பானரை வையுங்கள்; கடைப் பையனிடம் கொடுத்தாலும் பக்கத்தில் நின்று இதைச் சொல்லுங்கள்.

ஆவணங்கள்

தனியார் வண்டியின் பதிவு 15 ஆண்டுகளில் முடிகிறது. அதன்பின் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வண்டியைக் காட்டி ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். நிறத்தை மாற்றியிருந்தால் ஆர்.சி.யிலும் மாற்றுங்கள், எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் பெயிண்டுக்கு அடியில் மறைந்துவிடாமல் பட்டறையில் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். 50 ஆண்டுகளைக் கடந்த, அமைப்பு மாறாத வண்டிகளை விண்டேஜ் என்று பதிவு செய்ய 2021-இல் விதி வந்திருக்கிறது. 'வி.ஏ.' எழுத்துகளோடு எண் கிடைக்கும். புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லுபடியாகும். ஆனால் அப்படிப் பதிவு செய்த வண்டியை அன்றாடப் பயன்பாட்டுக்கு ஓட்ட முடியாது. காய்கறி வாங்கவும் கோயிலுக்குப் போகவும் நினைப்பவர்களுக்குச் சாதாரணப் புதுப்பித்தலே ஏற்றது.

நிறுத்திவைப்பது

ஓட்டி முடித்தால் டேப்பை மூடுவதை மூச்சுவிடுவதுபோல் பழக்கமாக்குங்கள். கார்பரேட்டர் ஊசி கொஞ்சம் தேய்ந்திருந்தாலும் இரவெல்லாம் பெட்ரோல் சொட்டிக் கிராங்க் கூடு நிறைந்துவிடும். காலையில் எத்தனை உதைத்தாலும் ஓவர்ஃப்ளோதான். ஒரு வாரத்துக்கு மேல் நிற்கப்போகிறது என்றால், ஸ்டாண்டில் வைத்து, ஓட்டத்தை மெதுவாக்கி, டேப்பை மூடி, கிண்ணம் வற்றித் தானாக நிற்கும்வரை விடுங்கள். சாலையில் வேகமாக வரும்போது டேப்பை மூடி இந்த வேலையைச் செய்ய வேண்டாம். கலவை மெலியும் அந்தக் கடைசி நொடிகளில் பிஸ்டன் பிடித்துக்கொள்ளலாம்.

இரண்டு மூன்று மாதம் வெளியூர் போவதானால் டேங்கை முழுவதும் வடித்துவிடுங்கள். பிளக் துளையில் இரண்டு தேக்கரண்டி ஆயில் விட்டு, கிக்கரைக் கையால் அழுத்தி, பிஸ்டன் மேலே வந்து துளைகளை மூடும் நிலையில் நிறுத்துங்கள். சைலன்சர் வாயில் ஒரு துணியைச் செருகிவைத்தால் பூச்சியும் ஈரமும் நுழையாது. செருகியது மறந்துபோகாமலிருக்க அந்தத் துணியின் மறுமுனையை நீளமாக விட்டு நம்பர் பிளேட்டில் கட்டிவிடுங்கள். நான் இரண்டு முறை மறந்திருக்கிறேன்.